மூன்றாவது கியர்

குஞ்சப்பனை தாண்டினால்
என் ஜென்னுக்கு மூச்சு வாங்கும்.
பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஒரு சிப்பம் அரிசி.
முதல் கியரில் நாங்கள் முக்கிக்கொண்டு ஏற
பின்னால் வரும் தேயிலை லாரி
ஆட்டை விரட்டுகிற மாதிரி ஹாரன் அடிக்கும்.

வேறு வண்டி வாங்கு என்றார்கள்.
வேறு வண்டி நாலு லட்சம்.
தள்ளு போகச் சீட்டில் வந்தது
நாற்பத்தோராயிரம்.

உக்கடத்தில் எஞ்சின்களைக்
கவிழ்த்துப் போட்டு விற்கிறார்கள்.
பெள்ளிராஜ் மீன் வாங்குகிற மாதிரிதான் வாங்கினான்:
மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான்,
ஆயில் கம்பியை உருவி மோந்தான்,
விரலில் தேய்த்தான், முகம் சுளித்தான்,
விலை இருபத்திரண்டிலிருந்து பதினேழுக்கு இறங்கியது.
கம்ப்யூட்டரும் ஒயர்க் கட்டும் சேர்த்து.

"எஸ்டீம், ஆயிரத்து முந்நூறு சிசி.
பின்னாடி அடிபட்ட வண்டிண்ணே,
எஞ்சின்ல ஒரு கீறல் கிடையாது."
பின்னாடி உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி
நான் கேட்கவில்லை.

ஃபேக்டரி பாய்லர் ரூமிலிருந்து
செயின் பிளாக் இரவல்,
திங்கள் காலை ஷிஃப்டுக்குள் திருப்ப வேண்டும்.
பழைய எஞ்சின் சங்கிலியில் தொங்கியபோது
இவ்வளவுதானா என்றிருந்தது.
பதினான்கு வருஷம் நாங்கள் ஐந்து பேரும்
இந்தக் குட்டியின் முதுகிலா ஏறி உட்கார்ந்திருந்தோம்?

புதியது ஒன்றரை விரல்கடை இடம் மாறி நின்றது.
வாட்டும் தொட்டியில் கழித்துப்போட்ட இரும்புத் தகட்டை வெட்டி
மவுண்டுக்கு வெல்டிங் வைத்தோம்.
ஒயர்களுக்கு சகாயமேரி வந்தாள்,
ஜான்ஸ்டன் சதுக்கத்தில் செல்போன் பழுது பார்க்கிறவள்.
நாற்பத்திரண்டு ஒயர்.
பச்சையில் வெள்ளைக் கோடு, வெள்ளையில் பச்சைக் கோடு.
வாயில் டார்ச்சைக் கவ்வியபடி
எங்கள் இருவரையும் பேசக் கூடாதென்று
கையாலேயே சொன்னாள்.

ராத்திரி பதினொன்றுக்குச் சாவியைத் திருப்பினேன்.
ஒன்றுமில்லை.
மறுபடி. ஒன்றுமில்லை.
பதினேழாயிரமும் கண்ணுக்குள் ஓடியது.
அவள்தான் பார்த்தாள்:
எர்த் ஒயர் மடக்கியபடி அப்படியே
பேட்டரிக்குப் பின்னால் கிடந்தது.

பிறகு
கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

குஞ்சப்பனையிலிருந்து அரவேணு வரை
மூன்றாவது கியர்.
சொல்லிப் பார்க்கிறேன், இன்னும் நாக்கில் இனிக்கிறது.
மூன்றாவது கியர்.
லாரியைத் தாண்டும்போது
நான் ஹாரன் அடிக்கவில்லை.
பெள்ளிராஜ் அடித்தான்.

அரவேணுவில் டீ குடித்துவிட்டுத் திரும்பி இறங்கினோம்.
நாலாவது வளைவில் மூடுபனி,
மூடுபனிக்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பாக ஒன்று.
மிதித்தேன்.
மிதி உள்ளே போய்க்கொண்டே இருந்தது.
வண்டி நின்றபோது
காட்டெருமை ஏற்கெனவே நின்றிருந்தது.
நடுவில் ஒரு முழம்.
அதன் மூச்சு முன்கண்ணாடியில் படிந்து கலைந்தது.
எங்கள் நாலு சக்கரத்திலும்
ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை.

அது புல்லுக்குப் போன பிறகு
பெள்ளிராஜ் சொன்னான்:
"ஏறுறதுக்கு மட்டும்தாண்டா காசு குடுத்திருக்கோம்."

கையில் மிச்சம் எண்ணூறு ரூபாய்.
பழைய எஞ்சினைக் கட்டபெட்டில்
கேரட் கழுவுகிறவர் ஒன்பதாயிரத்துக்குக் கேட்டார்.
எஸ்டீமின் பெரிய டிஸ்க், காலிப்பர், பூஸ்டர்,
எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரத்து முந்நூறு.
தூக்கியவனே இறங்கவும் பிடித்துக்கொண்டான்.

ஊட்டி ஆர்டிஓவில்
எஞ்சின் நம்பர்மேல் காகிதம் வைத்து
பென்சிலால் தேய்த்து எடுத்துப் போனார்கள்.
ஏழு மாதமாகிறது.
ஆர்சி புத்தகத்தில் இன்னும்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று சிசிதான்.

அந்தத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று
கட்டபெட்டில் சிவப்பு மண்ணைக் கழுவிக்கொண்டிருக்கிறது.
தாண்டும்போதெல்லாம் கண்ணாடியை இறக்குகிறேன்.
இரண்டாவது சிலிண்டரில் லேசாக ஒரு தட்டல் உண்டு,
தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளும் பிரிந்து கேட்கும்,
எனக்கு மட்டும்.

"குளிருது, ஏத்துங்க" என்கிறாள்
பின்சீட்டிலிருந்து என் மகள்.